ஏகாதசியன்று சென்னை

2051 வைகுண்ட ஏகாதசியன்று, திருநெல்வேலியில் விரதமிருந்த திருவேங்கடம் நாக்கில் ஒரு வில்லையை ஒட்டிக்கொண்டு, வீட்டிலிருந்தபடியே திரையில் சென்னையைச் சுற்றிப் பார்த்தார். அங்கே அவருக்காக வாடகைக்கு ஊர் சுற்றிய மெர்சி தின்றதெல்லாம் இங்கே அவருக்கு ருசித்தது. மயிலாப்பூரில் பொங்கல், சௌகார்பேட்டையில் ஜிலேபி, கடைசியில் மெரினா.

“இன்னொரு மொளகா பஜ்ஜி தின்னும்மா.”

“வயிறு முட்டுது சார்!”

அவர் சப்புக்கொட்டுவதை மனைவி கோமதி பார்த்துவிட்டாள். “இருவது வருச விரதம் போச்சா?”

“தின்னது அவதானட்டி! நானா தின்னேன்?”

“சரி, அவதான். அப்போ விடியுத வரைக்கும் அடுப்படிப் பக்கம் வரப்பிடாது.”

அத்தனை ருசி பார்த்த பிறகு பசி இரண்டு மடங்காகியிருந்தது. அன்று மாலையே திருவேங்கடம் அடுப்படிக்குள் நழுவி, முந்தின நாள் மீந்த இட்லியை உதிர்த்துச் செய்த உப்புமாவில் விரதத்தை முறித்தார்.