இரண்டிலிருந்து ஒன்றுக்கு

மலைப்பாதையில் வளைவு வந்தது. அவள் கிளட்ச்சைப் பிடித்துக் கியரைக் குறைத்தாள்.

டக்.

பின்னால் இருந்த கணவரின் ஹெல்மெட் அவள் ஹெல்மெட்டில் வந்து இடித்தது.

அடுத்த வளைவிலும் இடித்தது. அதற்கடுத்ததிலும்.

அவர் எதுவும் சொல்லவில்லை. வாதம் வந்ததிலிருந்து அப்படித்தான். நாக்கு குழறுகிறது, குழறலைப் பிறர் கேட்பதை அவர் விரும்பவில்லை. இடது கையும் இடது காலும் போய்விட்டன. அந்தக் காலை ஒரு பெல்ட்டால் ஃபுட்ரெஸ்ட்டோடு பிணைத்திருந்தாள். அவர் இடுப்பை ஒரு துண்டால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டியிருந்தாள். மிஞ்சியிருந்த வலது கை அவள் தோளைப் பற்றியிருந்தது.

டேங்கின் மேல் ஒரு பை. உள்ளே அவருடைய வேட்டி, சட்டைகள். ஒவ்வொரு காலரின் உட்பக்கமும் சிவப்பு நூலில் அவர் பெயரைத் தைத்திருந்தாள். இல்லத்தில் அப்படித்தான் தைத்துக் கொண்டுவரச் சொன்னார்கள். நிறையப் பேர் இருக்கும் இடம், துணி மாறிப்போகும்.

மலைமேல் ஒரு டாக்டர் இருக்கிறார் என்று அவரிடம் சொல்லியிருந்தாள்.

பாதி மலையில், டீக்கடை முன்னால் நிறுத்தினாள். அவர் வழக்கமாக நிறுத்தும் கடை. கடைக்காரர் டம்ளரோடு வண்டிக்கே வந்தார்.

“என்ன செங்கோடண்ணே, சீட்டு மாறிப்போச்சு? அண்ணியை நம்பி மலை ஏறுறீங்களே, உங்களுக்குத் துணிச்சல்தான்.”

அவர் பாதி வாயால் சிரித்தார்.

“ஆஸ்பத்திரிக்கா, அண்ணி?”

“ஆமா.”

பையிலிருந்து ஒரு சட்டைக்கை வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அதை உள்ளே தள்ளினாள்.

மறுபடி ஏற்றம். மறுபடி வளைவு. கிளட்ச்சைப் பிடித்தாள்.

தோளில் இருந்த கை அசைந்தது. மணிக்கட்டு மெல்லப் பின்னோக்கித் திரும்பி, பழைய இடத்துக்கு வந்தது.

டக்.

நழுவுகிறாரோ என்று பயந்தாள். கண்ணாடியில் பார்த்தாள். அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

அடுத்த வளைவு. கிளட்ச். அவள் தோளை அதே கை அதேபோல் முறுக்கியது.

ஆக்சிலேட்டர்.

கல்யாணமான புதிதிலிருந்து இந்த வண்டியின் பின் சீட்டில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். கியர் குறைக்கும்போதெல்லாம் அவர் ஒரு முறுக்கு முறுக்கி வண்டியை உறுமவைப்பார். அவளுக்குக் கூச்சமாக இருக்கும். “தெருவே திரும்பிப் பாக்கணுமா? எதுக்குங்க இந்த அலப்பறை?” என்பாள்.

“உனக்காகத்தான்” என்பார்.

கிண்டல் என்று நினைத்திருந்தாள்.

அவள் ஸ்கூட்டி ஓட்டிப் பழகியவள். அதில் கியர் இல்லை. இந்த வண்டியை அவருக்கு வாதம் வந்த பிறகுதான், மைதானத்தில் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டாள். எப்போது மாற்ற வேண்டும் என்று தெரியும். மாற்றும் அந்த நொடியில் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது.

கிளட்ச்சைப் பிடித்ததும் என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்துவிடுகிறது. சக்கரம் ஓடிக்கொண்டிருக்கிறது. என்ஜின் சோர்ந்து இறங்குகிறது. ஆனால் குறைந்த கியரில் அதே சக்கரத்துக்கு ஈடுகொடுக்க என்ஜின் முன்பைவிட வேகமாகச் சுற்றியாக வேண்டும். சோர்ந்த என்ஜினோடு கிளட்ச்சை விட்டால், சக்கரம் அதைத் தரதரவென்று இழுக்கும். அந்த இழுப்பில் வண்டி வெட்டும். முன்னால் இருப்பவருக்குப் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இருக்கிறது. பின்னால் இருப்பவர்தான் போய் முட்டுவார்.

ஓடும் பஸ்ஸில் ஏறுகிறவன் கூடவே நாலு எட்டு ஓடிவிட்டு ஏறுவதில்லையா, அதுபோல. கிளட்ச் பிடித்திருக்கும்போதே ஒரு சின்ன முறுக்கு. என்ஜின் ஓடிவந்து சக்கரத்தோடு சேர்ந்துகொள்ளும். யாருக்கும் வலிக்காது.

அடுத்த வளைவில் கிளட்ச்சைப் பிடித்தாள். தோளில் கை திரும்பியது. கூடவே அவள் கையும் திரும்பியது.

வண்டி உறுமியது. கியர் இறங்கியது.

இடிக்கவில்லை.

அதன் பிறகு எந்த வளைவிலும் இடிக்கவில்லை. அவர் தோளில் முறுக்குவார், அவள் கைப்பிடியில் முறுக்குவாள். இரண்டு பேருமாக ஒரு வண்டியை ஓட்டிக்கொண்டு மேலே போனார்கள்.

ஹெல்மெட்டுக்குள் அவளுக்கு மூக்கு ஒழுகியது. துடைக்க முடியவில்லை.

போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்தவர், அவள் கம்பெனியிலிருந்து வரும்வரை ஈரத்திலேயே கிடந்தார். கதவைத் திறந்தபோது அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் முடிவு செய்தாள். அது சரியான முடிவு என்று இன்று காலை வரைக்கும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே அந்தப் பலகை தெரிந்தது. பச்சையில் வெள்ளை எழுத்து, பெரிது பெரிதாக. இல்லத்தின் பெயர். அதற்குக் கீழே, முதியோருக்கும் நோயாளிகளுக்கும் நிரந்தரத் தங்குமிடம்.

அவர் எந்தப் பலகையையும் படிக்காமல் கடந்தவர் இல்லை. பேச்சு இருந்தபோது வழியெல்லாம் வாய்விட்டுப் படித்துக்கொண்டே ஓட்டுவார். இப்போதும் கண்ணாடியில் அவர் ஹெல்மெட் பலகையின் பக்கம் திரும்பியது.

பலகையைத் தாண்டியதும் இடதுபக்கம் கேட். கேட்டுக்கு ஏறும் பாதை செங்குத்து. இரண்டாவது கியரில் ஏறாது. ஒன்றுக்கு இறக்க வேண்டும். இரண்டிலிருந்து ஒன்றுக்கு வரும்போதுதான் வண்டி எல்லாவற்றையும்விட மோசமாக வெட்டும்.

அவள் கிளட்ச்சைப் பிடித்தாள்.

என்ஜின் இறங்கியது. வண்டி வேகம் இழந்துகொண்டே வந்தது. அவள் வலது கை திரும்பவில்லை.

தோளில் அவர் கை மெல்ல முறுக்கியது.

ஒருமுறை.

அவள் அசையாததால், இன்னொரு முறை.