ஐயாசாமி போட்ட வேஷம்

நாடகக் குழு நடத்தி, ராஜா வேஷமும் கட்டிவந்த ஐயாசாமி தை மாதம் இறந்துபோனார். சூலூர் கோயில் விழாவுக்கு ஒப்புக்கொண்ட நாடகம் நின்றுவிடக் கூடாதென்று, அவர் மனைவி மயிலாத்தாளே ராஜாவாக நடிக்கத் துணிந்தாள். மாலையில் ஒப்பனை அறையில் தனியாக உட்கார்ந்தவள் அசதியில் கண்ணயர்ந்தாள். விழித்தபோது முகத்தில் அரிதாரம் பூசி, மீசையும் வரைந்திருந்தது.

கோமாளி வேஷம் கட்டும் கதிரேசன் அப்போதுதான் உள்ளே வந்தான்.

"நீயா கண்ணு எனக்கு வேஷம் போட்டுவுட்டது?"

"நானு இப்பத்தானுங்க பஸ்ஸு எறங்கி வாரேன்."

மயிலாத்தாள் குனிந்தாள். முந்தானையில் ஈரச் சிவப்பாக விரல் தடங்கள். எல்லோருக்கும் வேஷம் போட்டு முடித்ததும் ஐயாசாமி கை துடைப்பது அவள் முந்தானையில்தான்.

கண்ணாடியைப் பார்த்துச் செல்லமாகக் கடிந்துகொண்டாள்: "ஏனுங்க, இது புதுச் சீலைங்களே!"