மூன்று பேர் முன்னால் வாருங்கள்

சார் பெயர் சொல்வதற்கு முன்பே அவள் எழுந்துவிட்டாள்.

பழக்கம்தான். ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு. இங்கிலீஷ் வாத்தியார்கள் மாறினார்கள், பாடம் மாறவில்லை. மூன்று பேரை முன்னால் நிறுத்துவார்கள். ஷார்ட், ஷார்ட்டர், ஷார்ட்டஸ்ட். கடைசிச் சொல் வரும்போது அவள் தலையில் ஸ்கேலை வைத்துக் காட்டுவார்கள்.

வகுப்பு சிரிக்கும். வாத்தியாரும் சிரிப்பார். கெட்டவர்கள் என்று சொல்ல முடியாது. உதாரணம் இவ்வளவு சுலபமாகக் கையில் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்!

பள்ளிக்கூடம் முடியும்வரை அந்தக் கடைசிச் சொல்தான் அவளுக்குப் பெயர். பத்தாவதில் இங்கிலீஷில் மட்டும் தவறினாள். அத்தோடு அந்த மொழிக்கே ஒரு கும்பிடு போட்டாள்.

இப்போது முப்பத்து மூன்று வயது. ஜவுளிக்கடையில் சேலை மடித்து வைக்கும் வேலை. கடையில் வரவேற்பு மேஜைக்கு ஆள் எடுக்கிறார்கள். நாலு வார்த்தை இங்கிலீஷ் பேச வேண்டும். அதற்காகத்தான் ஜெராக்ஸ் கடை மாடியில் இந்த வகுப்பு.

நாளைக்கு கம்பாரிசன் என்று நவநீதன் சார் நேற்றே சொல்லியிருந்தார். இங்கேயும் நிற்க வைத்தால் இனி வருவதில்லை என்று மாடிப்படி ஏறும்போதே முடிவு செய்திருந்தாள்.

நிற்க வைத்துவிட்டார்.

நடுவில் தையல்கடை ஹசீனா. அந்தக் கோடியில் பிலோமினா, ஆறடிக்கு இரண்டு விரல் குறைவு. வகுப்பில் சேர்ந்து பத்து நாளாகியும் பிலோமினாவோடு அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. பக்கத்தில் போய் நிற்கவே கூச்சம்.

சார் பலகைப் பக்கம் திரும்பி எழுதத் தொடங்கினார். கையெழுத்து அழகு. அதனால் நேரம் பிடித்தது.

அவள் தரையைப் பார்த்தாள்.

தன் கால்கள். ஹசீனாவின் கால்கள். அதற்கு அப்பால் ஒரு சேலைக் கொசுவம், தரையில் குவிந்து கிடந்தது.

பிலோமினாவின் சேலை கணுக்காலுக்குக் கீழே இறங்காது. எந்தச் சேலையின் அகலமும் அந்த உயரத்துக்குப் போதாது. ஜவுளிக்கடைக்காரிக்கு இது தெரியாதா?

நிமிர்ந்தாள். பிலோமினாவின் தலை ஹசீனாவின் தலைக்குச் சரியாக இருந்தது. சேலைக்குள் முழங்காலை மடக்கிக்கொண்டு, ஒன்றும் தெரியாதவள்போல எதிர்ச் சுவரைப் பார்த்து நின்றாள்.

மறுகோடியிலும் ஒருத்தி, உயரத்துக்கு உதாரணமாக, வருஷா வருஷம் நின்றிருப்பாள். அது இத்தனை நாளில் அவளுக்குத் தோன்றியதே இல்லை.

தனக்காக யாரும் இப்படி நின்றதில்லை என்று நினைத்தாள்.

மெல்லக் குதிகாலைத் தூக்கினாள்.

சார் திரும்பினார். வாக்கியத்தில் ஒரு பெயர் போட வேண்டும். மூன்று தலைகளையும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். முன்பெஞ்சு சிரிக்க ஆரம்பித்தது. இந்த முறை சாரைப் பார்த்து.

"யாரு பேராச்சும் சீக்கிரம் போடுங்க சார்" என்றாள் பிலோமினா. "காலு கெஞ்சுது."

சாரின் பார்வை தரைக்குப் போனது. அவருக்கு இருபத்து நாலு வயதுதான், காது சட்டென்று சிவந்துவிட்டது. "உக்காருங்கக்கா, மூணு பேரும் உக்காருங்க" என்றார். எழுதியதை உள்ளங்கையாலேயே அழித்தார். அந்த இடத்தில் மூன்று தென்னை மரம் வரைந்தார். பார்த்தால் முருங்கை மாதிரி இருந்தது. ஆனாலும் பாடம் புரிந்தது.

மறுநாள் கால் மணி நேரம் முன்னதாகவே வந்தாள். இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் கைக்குட்டையைப் போட்டு வைத்தாள்.

யாரோ வந்து உட்காரப் பார்த்தார்கள்.

"ஆள் வருது" என்றாள்.