எட்டுச் செலவுக்கு ஒரு தட்டு

"அந்த ஸ்பானியக் கடைச் சாப்பாட்டையும் படைக்கவேணுமோ அம்மா?" என்று கேட்டாள் மிதுசா.

"வேற என்ன செய்யிறது? செத்தவருக்கு விருப்பமானதெல்லாம் படைக்கிற நாள். என்ர சமையலை விட அதுதானே கொப்பருக்குப் பெரிசு," என்றாள் கமலநாயகி.

கமலநாயகியின் கணவர் நாகமுத்து இறந்து அன்று எட்டாம் நாள், எட்டுச் செலவு.

ஜேர்மனியில், ஹனோவரில் அவர்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி அந்தத் தபாஸ் கடை இருந்தது. ஐம்பது வருடமாக ஒரே குடும்பம் நடத்துகிறது. குடிக்க எதை வாங்கினாலும் கூடவே ஒரு சின்னத் தட்டில் கணவாயோ பன்றி இறைச்சியோ வந்துவிடும்.

நாலு வருடமாக வெள்ளிக்கிழமை பின்னேரம் என்றால் மனுசன் அங்கேதான். வேறு நாளே கிடைக்கவில்லையா? சனமெல்லாம் சைவம் சாப்பிடுகிற நாளில்தான் இவருக்கு அந்தக் கடை கேட்டது. கோயிலுக்கு அவள் தனியாகப் போவாள். "அண்ணை வரேல்லையோ அக்கா?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லியே களைத்துப் போனாள்.

எட்டு மணிக்கு வீட்டுக்கு வருவார். சட்டையில் பொரியல் மணம் அடிக்கும்.

"நான் அங்கை சாப்பிட்டிட்டன். நீர் சாப்பிடும்."

கமலநாயகிக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளுக்குப் புற்றுநோய் வந்து, ஒப்பரேசன் முடிந்த பிறகுதான் இந்தப் பழக்கம் தொடங்கியது. வருத்தக்காரியோடு இருந்து மனுசனுக்கு அலுத்துப்போச்சு என்றுதான் நினைத்தாள்.

போன மாதம் வாய்விட்டே சொல்லிவிட்டாள். "கடவுளுக்குப் பயமில்லாத ஆள் நீங்கள். இனி வெள்ளிக்கிழமையில இந்த வீட்டில உங்களுக்குச் சோறு வைக்கமாட்டன்."

அவர் சிரித்துவிட்டுப் படுக்கப் போனார். மூன்று வாரத்தில் மாரடைப்பு.

அந்தச் சொல்லை நினைக்க நினைக்க அவளுக்கு நெஞ்சு வெந்தது. அதனால்தான் கோபத்தை விழுங்கிக்கொண்டு அந்தக் கடைப்படியை முதன்முதலாக ஏறினாள்.

யாரென்று சொன்னதும் கடைக்காரி பிலார் அவளைக் கட்டிப்பிடித்துத் துக்கம் விசாரித்தாள். கமலநாயகி டொச் மொழியில் கேட்டாள்.

"என் கணவர் இங்கே எதை விரும்பிச் சாப்பிடுவார்? அதில் ஒரு தட்டு வேண்டும்."

பிலார் விழித்தாள். "அவர் இங்கே எதுவும் சாப்பிட்டதில்லையே."

"மறைக்க வேண்டாம். இப்போது எனக்குக் கோபமில்லை."

"உண்மையாகத்தான் சொல்கிறேன். வெறும் சோடாத் தண்ணீர் மட்டும் குடிப்பார். நான் வைக்கும் தட்டைப் பக்கத்துக் கதிரைக்காரரிடம் தள்ளிவிடுவார். சீட்டு விளையாடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டு இருப்பார்."

"அப்படியென்றால் ஏன் சாப்பிட்டதாக என்னிடம் பொய் சொன்னார்?"

பிலார் கையைத் துடைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சொல்ல வேண்டாம் என்று கேட்டிருந்தார். உங்களுக்கு ஒப்பரேசன் நடந்த அன்று கடவுளிடம் நேர்ந்தாராம். நீங்கள் பிழைத்தால், சாகும்வரை வெள்ளிக்கிழமை இரவில் சாப்பிடுவதில்லை என்று."

"வீட்டிலேயே இருந்திருக்கலாமே..." என்றாள் கமலநாயகி.

"நானும் அதைத்தான் கேட்டேன். 'எனக்குச் சலரோகம், பட்டினி கிடந்தால் சீனி இறங்கிவிடும் என்று அவள் அழுவாள், திட்டினால் பரவாயில்லை' என்றார்."