கப்பையில் நீலம்

அவித்த மரவள்ளிக் கப்பைத் துண்டில் நீலக்கறுப்பாக ஒரு பெருவிரல் பதிந்திருந்தது.

ஷிஹாப் பாதி கடித்துவிட்டு வைத்த துண்டு அது. மீன்குழம்பு இன்னும் இறங்கவில்லை. பசி பொறுக்காமல், ஆறிப்போன கப்பையை வெறுமனே தின்றுகொண்டிருந்தான் அந்த மகராசன்.

ரஃபீனா தன் கணவனின் விரலைப் பார்த்தாள். பிறகு கப்பையைப் பார்த்தாள். கிழங்கில் அயோடின் பட்டால் நீலம் ஏறும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே!

காலையில்தான் அவன் ஆய்வுக்கூடத்துக்குப் போய்வந்தான். இருவருக்கும் ஒரே ஆய்வுக்கூடம். நாளை அவளுக்கு முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. அவள் செய்த மெல்லிய பிளாஸ்டிக் ஃபிலிமில் மின்சாரம் ஓடுவதை நேரிலேயே அளந்து பார்க்க வேண்டும் என்று தேர்வாளர்கள் கேட்டிருந்தார்கள். நீ உட்கார்ந்து படி, ஃபிலிமை நான் தயார் பண்ணி வைக்கிறேன் என்று கிளம்பிப் போனவன்.

பிளாஸ்டிக்கில் மின்சாரம் சும்மா ஓடிவிடாது. மின்னூட்டம் தான் இருக்கும் மூலக்கூறுச் சங்கிலியை வளைத்து, அந்த வளைவையும் கூடவே இழுத்துக்கொண்டு ஊர்ந்து போகும். அதற்குப் போலரான் என்று பெயர். அது உண்டாக அயோடின் மாதிரி எதையாவது உள்ளே ஏற்றித்தான் ஆகவேண்டும்.

ரஃபீனாவின் ஃபிலிமுக்கு எதையும் ஏற்றவே வேண்டாம். அதுதான் அவள் கண்டுபிடிப்பு. அதற்காகத்தான் குழந்தையைக்கூடத் தள்ளிப்போட்டு, இத்தனை வருடம் மட்டாஞ்சேரியிலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் உயிரை விட்டது.

எதையும் ஏற்றவே வேண்டாமாம்!

அவள் கப்பைத் துண்டை எடுத்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். முதலில் சிரித்தான். பிறகு மெல்ல விரல்களை மடக்கிக்கொண்டான்.

"ஒரே ஒரு தடவைன்னுதான் புள்ளே நெனச்சேன். ரீடிங்கப் பாத்து நீ அப்படிச் சிரிச்சே. பின்னே நான் எப்படி நிறுத்த?"

பாவி. அன்று அவள் ஓடிப்போய் முதலில் கட்டிக்கொண்டது இவனைத்தான். இவனுக்கு அப்போதே எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே அவள் முதுகைத் தட்டிக்கொடுத்திருக்கிறான்.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். வழிகாட்டிப் பேராசிரியர் திரிபுரசுந்தரி மேடத்துக்குப் போன் போட்டாள். திட்டினால் திட்டட்டும். பட்டம் போனால் போகட்டும். இந்தப் பொய்யை வைத்துக்கொண்டு நாளை அத்தனை பேர் முன்னால் நிற்க அவளால் ஆகாது. மேடம் அவளைக் கைவிட மாட்டார். பெற்ற மகளைப் போலத்தான் இதுவரை பார்த்துக்கொண்டார்.

"மேடம், நாளைக்கு வேண்டாம். ஃபிலிம்ல அயோடின் இருக்கு."

ஷிஹாபின் பெயரைச் சொல்வதற்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

எதிர்முனையில் மேடம் அலுத்துக்கொள்வது கேட்டது.

"சோப்புப் போட்டு நல்லாக் கை கழுவிட்டு வீட்டுக்குப் போடான்னு அவன்கிட்ட எத்தனை தடவை சொன்னேன்!"