பிரியாணி தேக்சாவில் ஏற்றிய தீபம்

செஞ்சிக் கோட்டையின் மூன்று மலைகள் மீதும் சத்தியம். இதில் ஒரு சொல் பொய்யென்றால் அந்த மூன்றும் என் தலையில் விழட்டும்.

வெள்ளைக்கார அம்மாள் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது ஜகபர் அலி டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.

திருவண்ணாமலை போகிற பஸ்களில் அன்று படிக்கட்டு வரை கூட்டம். பௌர்ணமி. ஜன்னல் வழியே ஒரு பெரிய மலை தெரிந்ததும், இதுதான் அந்த மலை என்று அந்த அம்மாள் முண்டியடித்து இறங்கிவிட்டார். செஞ்சியில் இறங்கிய ஒரே ஆள் அவர்தான்.

பெயர் இங்கிரிட். ஊர் நார்வே. தலை பஞ்சாக வெளுத்திருந்தது.

டீக்கடைக்குள் வந்து போனை நீட்டினார். இந்த நாட்டுக்கு வருகிறவர்கள் தவறவிடக் கூடாத திருவிழாக்கள் என்று படம் படமாக ஓடியது. பாட்டு, சாப்பாடு, யானை, ஒட்டகம். விரல் கடைசிப் படத்தில் நின்றது. ஒரு மலை, உச்சியில் நெருப்பு. கார்த்திகை தீபம்.

கல்லூரியில் படிக்கும் ஜகபர் அலியின் மகள் நஜ்மாதான் பேசிப் பார்த்துச் சொன்னாள். அந்த அம்மாளின் கணவர் வாலிபத்தில் வந்து அந்தத் தீபத்தைப் பார்த்தவராம். சாகிற வரைக்கும் அதையே பேசினாராம். நீயும் ஒரு தடவை பார்த்துவிடு என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினாராம். நாளைக் காலை சென்னையில் விமானம்.

"இன்னிக்கு ராத்திரிதானே, இந்த மலைதானேன்னு கேக்கறாங்க அத்தா."

அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிட்டாலும் பயனில்லை என்று கடையில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

ஜகபர் அலியைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். தேசிங்கு ராஜாவின் குதிரைக்கு லாடம் அடித்தது தன் பாட்டனுக்குப் பாட்டன் என்பார். அந்த லாடம் கடைச் சுவரில் தொங்கும். கரும்பு வண்டி மாட்டின் குளம்பளவுதான் இருக்கும். அவர் மணி சொன்னால்கூட ஊரில் இன்னொருவரிடம் கேட்டுக்கொள்வார்கள்.

அவர் அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தார்.

"ஆமான்னு சொல்லு. ஏழு மணிக்குன்னு சொல்லு."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த சுந்தரமூர்த்தி குருக்கள் வாயைத் திறந்தார். பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த விருத்தாம்பாள் ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டார்.

"இன்னா பாய், இந்த தடவ ரொம்பப் பெரிசா உட்டுட்டீங்களே" என்றான் ஆட்டோ ஓட்டும் பார்த்திபன். "நெருப்புக்கு எங்க போவீங்க?"

ஜகபர் அலிக்கு வேர்த்தது. பொய் சொல்லி அவருக்கு வேர்த்தது அதுதான் முதல் தடவை. அவருடைய மற்ற பொய்களை யாரும் காத்திருந்து சரிபார்த்ததில்லை. இந்த அம்மாளோ நாற்காலியை மலைப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

நுங்கு வண்டிக்காரர் ஒரு நுங்கைச் சீவிக்கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

அங்கேதான் தொடங்கியது.

விருத்தாம்பாள் வீட்டுப் பரணிலிருந்து அகல்விளக்குகளைக் கூடையோடு இறக்கினாள். பிள்ளைகள் எல்லாரும் தெருவில்தான் இருந்தார்கள். பனம்பூவைச் சுட்டுக் கரியாக்கி, துணியில் முடிந்து, சுற்றுவதற்கு மாவலி கட்டினார்கள். எங்கோ பொரி கிடைத்தது, எவர் வீட்டிலோ வெல்லப்பாகு கொதித்தது.

மலை மேல் வைக்கத்தான் கொப்பரை இல்லை. ஜகபர் அலி கடைக்குப் பின்னால் போய், கல்யாணத்துக்கு வாடகைக்கு விடும் பிரியாணி தேக்சாவை உருட்டிக்கொண்டு வந்தார்.

"மட்டன் வாசன அடிக்குது பாய்."

"சாமி ஒண்ணும் சொல்லாது. குருக்கள்தான் கோச்சுக்குவாரு."

குருக்கள் கோபித்துக்கொள்ள அங்கே இல்லை. வீட்டுக்குப் போய் எண்ணெய் டின்னும், திரியாக முறுக்கிய தன் பழைய வேட்டியுமாக வந்துகொண்டிருந்தார்.

ஏழு மணிக்குச் சரியாகக் கரண்ட் போனது. அதை யாரும் கேட்டு வாங்கவில்லை. அல்லது கேட்டு வாங்கியவர் இன்றுவரை வாயைத் திறக்கவில்லை.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் பாறைக்குன்றின் உச்சியில் தேக்சா பற்றிக்கொண்டது.

சுடர் பனைமர உயரம் எழுந்தது. திருவண்ணாமலையில் மலை சுற்றிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்று, கிழக்கே திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்களாம். கீழே ஒரு வாசல் விடாமல் அகல் எரிந்தது. மாவலிப் பொறிகள் தெருவுக்கு மேலே வட்டம் வட்டமாகப் பறந்தன. குருக்கள் அரோகரா என்றார். தெரு திருப்பிச் சொன்னது.

அந்த அம்மாள் போனை எடுக்கவில்லை. படம் பிடிக்கவில்லை. எழுந்து நின்று, தன் பாஷையில், நெருப்பைப் பார்த்து மெதுவாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரரிடம் பேசுகிற தொனி. அதற்கு நஜ்மா தேவைப்படவில்லை.

பிறகு திரும்பி, ஜகபர் அலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். மாலை முழுக்க உட்கார்ந்து கற்றுக்கொண்ட ஒரே சொல்லைச் சொன்னார்.

"நன்றி."



ஜகபர் அலி பின்னால் திரும்பிப் பார்த்தார். கட்டைவிரலைச் சுட்டுக்கொண்ட பார்த்திபன். எண்ணெய்க் கையைத் துடைக்கத் துணி தேடும் குருக்கள். முகமெல்லாம் கரியாகப் பிள்ளைகள். அந்த ஊரில் அவர் பேச்சை யாரும் நம்பியதில்லை. நம்பாமலே எல்லாரும் வந்து நின்றார்கள்.

கையில் இருந்த நன்றியைத் தனக்கென்று வைத்துக்கொள்ளத் தெரியாமல், அவர் ஊரைப் பார்த்துக் கும்பிட்டார்.

"அத்த விடுங்க பாய். தேக்சாவ யாரு தேய்க்கிறது?" என்றான் பார்த்திபன்.

அன்றைக்குத் தேதி சித்திரை இருபத்தொன்பது. கார்த்திகை பிறக்க இன்னும் ஆறு மாதம் இருந்தது.