டயர் சூடேறும் வரை
பனி கலையாத காலையில், இறந்துபோன மகனின் ஸ்போர்ட்ஸ் காரை வாங்கியவரிடம் ஒப்படைக்க அப்பா ஓட்டிக்கொண்டு போகிறார். பக்கத்தில் அம்மா, கைக்குள் வண்டியின் இன்னொரு சாவி. குளிர்காலம் முழுக்க ஷெட்டில் கிடந்த வண்டி, சக்கரத்தின் சுற்றுக்குச் சுற்று ‘தட், தட்’ என்று அடிக்கிறது. தாழ்ந்த இருக்கை அந்த அடியை ஒன்றுவிடாமல் முதுகெலும்பில் கொண்டுவந்து சேர்க்கிறது. முன்கண்ணாடிக்கு மேலே அவன் மாட்டிவிட்டுப்போன வெயில்கண்ணாடி ஒவ்வொரு அடிக்கும் ஆடுகிறது. “என்னங்க இது, கட்டைவண்டி மாதிரி தூக்கிப் போடுது?” என்கிறாள் அம்மா. “அவன் நிறுத்துன எடத்துலயே அசையாம நின்னுச்சுல்ல. குளிர்ல டயர் வெறச்சு, தரையில பட்ட பக்கம் தட்டையாயிடுச்சு. ஓடிச் சூடேறினா தானா வட்டமாயிடும்.” அடி அதிரும் கதவில் அம்மா உள்ளங்கையைப் பதித்துக்கொள்கிறாள். பெட்ரோல் பங்க்கைத் தாண்டும்போது அடி மெலிகிறது. பாலம் ஏறும்போது காதைத் தீட்டிக்கொண்டால்தான் கேட்கிறது. இறக்கத்தில் அதுவும் இல்லை. வெயில்கண்ணாடி ஆடாமல் தொங்க, சாம்பல் வெளிச்சத்தில் வண்டி வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. ‘இப்பதான் வண்டி வண்டியா இருக்கு’ என்று அப்பாவுக்கு வாய்வரை வருகிறது. அவள் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொள்கிறார். “ஓரமா நிறுத்துங்க.” “ஏன், தல சுத்துதா?” அம்மா கதவிலிருந்து கையை எடுக்கவில்லை. “இல்லங்க. டயர் கொஞ்சம் ஆறட்டும்.”